விதி தேர்ந்தெடுத்த ஹீரோவைக் கவிழ்க்கும் ஃபேண்டஸி நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு எச்சரிக்கை: சில நாவல்களின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் நாவலின் பெயரைப் பார்த்ததும் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

இந்தத் "தேர்ந்தெடுக்கப்பட்டவன்" கதை என்பது எது?

உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய பாட்டு ஒன்று இருக்கும், இல்லையென்றால் ஒரு சுவடி, அதுவும் இல்லையென்றால் வானத்திலிருந்து ஒரு குரல். இன்ன நேரத்தில் இன்ன அடையாளத்தோடு ஒரு பிள்ளை பிறக்கும், அது இருளின் அரசனை வீழ்த்தும் என்று அதில் சொல்லியிருக்கும். பிள்ளை எங்கோ ஒரு மூலையில் தான் யாரென்று தெரியாமலே வளரும். ஒருநாள் தாடி வைத்த பெரியவர் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். அப்புறம் வாள், பயணம், நாலைந்து நண்பர்கள், அதில் ஒரு துரோகி, கடைசியில் சண்டை. இந்த அச்சில் வார்த்த ஃபேண்டஸி நாவல்கள் எவ்வளவு பெருகின என்றால், டயானா வின் ஜோன்ஸ் 1996-இல் அந்தக் கற்பனை தேசங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கேலியான சுற்றுலா வழிகாட்டியே எழுதிவிட்டார்.

சரி, அதைக் கவிழ்ப்பது என்றால்? ஹீரோவைத் தோற்கடிப்பதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஹீரோ செத்துப்போனால் கவிழ்ப்பு, ஹீரோவே வில்லனாகிவிட்டால் கவிழ்ப்பு, பையனுக்குப் பதில் பெண் வந்தால் கவிழ்ப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்காலி அப்படியே இருக்க, உட்கார்ந்திருக்கும் ஆளை மட்டும் மாற்றுகிற வேலை இது. "விதி ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துவிட்டது, மற்றவர்கள் எல்லாம் பின்னால் நடக்க வேண்டியவர்கள்" என்கிற கணக்கை அந்த நாவல் தொடவே இல்லையே.

என்னைக் கேட்டால், உண்மையான கவிழ்ப்பு ஒரே ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இந்த வாக்கைச் சொன்னது யார்? அதோடு சேர்ந்து வருகிறவை, யார் எழுதி வைத்தார்கள், யார் பாதுகாத்தார்கள், யாருக்கு இதனால் லாபம் என்பவை. முன்னறிவிப்பு என்பது மழை மாதிரி தானாகப் பெய்வதில்லை, ஒருத்தர் வாயிலிருந்து வருகிறது, இன்னொருத்தர் காதில் விழுகிறது, மூன்றாவது ஆள் பிரதி எடுக்கிறார். இந்த மூன்று பேரில் ஒருவரையாவது நாவல் நிறுத்தி விசாரித்தால், அது கவிழ்க்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், ஹீரோ கடைசியில் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.

இது சமீபத்திய மோஸ்தர்தானே?

இல்லவே இல்லை. வாக்கை நம்பி மோசம் போனவர்கள் கதை வாக்குக்கு இணையான வயசுடையது. லிடியாவின் அரசன் குரோசஸ் பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று டெல்ஃபி கோயிலில் குறி கேட்டபோது, "படையெடுத்தால் ஒரு பெரிய பேரரசை அழிப்பாய்" என்று பதில் வந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அழிந்தது அவனுடைய பேரரசு. 1606 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில், பெண் வயிற்றில் பிறந்த யாராலும் உனக்குத் தீங்கு வராது என்று சூனியக்காரிகள் எழுப்பிய உருவம் ஒன்று மெக்பெத்திடம் சொல்ல, தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட ஒருவன் வந்து கதையை முடிக்கிறான். இரணியன் வாங்கிய வரமும் இதே வகைதான்: மனிதனாலும் இல்லை மிருகத்தாலும் இல்லை, பகலும் இல்லை இரவும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போனவனுக்கு, கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படி மறந்துவிட்டது.

ஆனால் இதையெல்லாம் நான் கவிழ்ப்பில் சேர்க்க மாட்டேன். இவை ஓட்டை வகை. வாக்கு கடைசிவரை சரியாகத்தான் இருக்கிறது, கேட்டவன்தான் அவசரப்பட்டான். 1955-இல் வந்த தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங் நாவலில், எந்த ஆணின் கையாலும் வீழமாட்டான் என்று சொல்லப்பட்ட சூனிய அரசன் ஒரு பெண்ணிடமும், ஹாபிட் என்கிற குள்ள இனத்தவன் ஒருவனிடமும் விழுகிறானே, அதுவும் இந்த ஓட்டை வகைதான். படிக்க அட்டகாசமாக இருக்கும், விதியின் அதிகாரம் மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையாது.

அப்படியானால் நம் இலக்கியத்தில் உண்மையான கவிழ்ப்பு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நூலை எழுதியவர் தலையிலேயே. சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதையைப் பாருங்கள். தன் தோழி தேவந்தியின் மேல் வந்து தோன்றும் கண்ணகி, இளங்கோவடிகளின் பழைய கதையை அவருக்கே எடுத்துச் சொல்கிறாள். சேரர் தலைநகர் வஞ்சியின் மணிமண்டபத்தில் தந்தையின் அருகில் உட்கார்ந்திருந்த இளையவனைப் பார்த்து ஒருவன், அரியணையில் அமரும் இலக்கணம் இவனுக்கு இருக்கிறது என்று சொல்கிறான். மூத்தவன் செங்குட்டுவன் அங்கே இருக்கிறான். இளங்கோ என்ன செய்கிறார்? சொன்னவனைக் கோபமாகப் பார்க்கிறார், அண்ணனின் மனவருத்தம் தீர வேண்டும் என்று துறவு பூண்டுவிடுகிறார்.

இதை ஒரு ஃபேண்டஸி நாவலின் முதல் அத்தியாயமாக யோசித்துப் பாருங்கள். விதி தேர்ந்தெடுத்துவிட்டது, ஆள் "வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். போனவர் ஒரு காப்பியத்தை எழுதுகிறார், அதில் நடுநாயகமாக நிற்பது அரசன் இல்லை, கணவனை இழந்த ஒரு வணிகக் குடும்பத்துப் பெண். அரியணை ஏறியிருந்தால் இந்த நூல் வந்திருக்குமா என்பது தெரியாது, அது வேறு விஷயம்.

அதே நூலில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது, எழுதுகிறவர்கள் அப்படியே திருடிக்கொள்ளலாம். ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை அன்று மதுரையும் அரசும் தீயில் கெடும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு என மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்கிறது. எப்போது சொல்கிறது? ஊர் எரிய ஆரம்பித்த பிறகு, கட்டுரை காதையில். அதுவரை நாம் படித்தது ஒரு பெண்ணின் கோபத்தை, அவள் நியாயம் கேட்டதை, சிலம்பை உடைத்ததை. வாக்கு முதலிலேயே வந்திருந்தால் அவள் விதியின் கருவியாகச் சுருங்கியிருப்பாள். பின்னால் வந்ததால் தீ அவளுடையதாகவே இருக்கிறது, விதி வந்து தன் பங்கைக் கேட்பதுபோலத்தான் தோன்றுகிறது.

ஹாரி பாட்டர் இந்தக் கணக்கில் வருமா?

பாதி வரும். பலர் இதை முழு மரபுக்கதை என்று ஒதுக்குகிறார்கள், அது அவசரம். 2003-இல் வந்த ஐந்தாம் நாவலில் ஒரு விஷயம் வெளிப்படுகிறது: வில்லன் வோல்டமோர்ட்டை வீழ்த்தப்போகிறவனைப் பற்றிய முன்னறிவிப்பு ஹாரிக்கும் பொருந்தும், அவன் வகுப்புத் தோழன் நெவிலுக்கும் பொருந்தும், இருவருமே ஜூலை மாதக் கடைசியில் பிறந்தவர்கள். ஹாரியைத் தேர்ந்தெடுத்தது விதி இல்லை, வோல்டமோர்ட். அதுவும் வாக்கின் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஓடிய ஒற்றனின் பேச்சை நம்பி. அடுத்த நாவலில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இன்னும் ஒரு படி மேலே போகிறார், வந்த முன்னறிவிப்பெல்லாம் பலித்துவிட்டதா என்ன என்று ஹாரியிடமே கேட்கிறார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு கதை திரும்பி மரபான சண்டைக்கே போகிறது. அதில் தவறில்லை. ஆனால் நெவிலின் பக்கத்திலிருந்து அந்த ஏழு நாவல்களையும் நினைத்துப் பார்த்தால், சொல்லப்படாமல் விட்ட கதைதான் இன்னும் கூர்மையானது என்று எனக்கு ஒரு எண்ணம்.

டியூனை எல்லாரும் உதாரணமாகச் சொல்கிறார்களே, அது அறிவியல் புனைகதை அல்லவா?

ஆமாம், விண்கலங்கள் இருக்கின்றன. ஆனாலும் இந்தப் பேச்சில் அதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் "வாக்கைச் சொன்னது யார்" என்ற கேள்விக்கு இவ்வளவு அப்பட்டமாகப் பதில் சொன்ன நாவல் குறைவு. 1965-இல் வந்த டியூனில், பெனி ஜெஸ்ஸெரிட் என்கிற பெண்களின் சங்கம் தன் ஆட்களைக் கிரகம் கிரகமாக அனுப்பி, இரட்சகன் வருவான் என்ற நம்பிக்கைகளை முன்கூட்டியே விதைத்து வைக்கிறது. என்றைக்காவது தங்கள் ஆள் ஒருத்தி அங்கே போய் மாட்டிக்கொண்டால், அந்த நம்பிக்கை அவளைக் காப்பாற்றும். காப்பீடு எடுத்து வைக்கிற புத்தி. நாயகன் பால் (Paul) என்பவனும் அவன் தாயும் பாலைவனத்தில் மாட்டிக்கொள்ளும்போது அந்த விதை முளைத்துத் தயாராக நிற்கிறது, அவர்கள் அதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இதில் பயங்கரம் என்னவென்றால், பொய்யாக விதைத்த வாக்கு வேலை செய்கிறது. மக்கள் நம்புகிறார்கள், படை திரள்கிறது, பேரரசன் விழுகிறான். 1969-இல் வந்த இரண்டாம் நாவலில் அதற்கான கணக்கு வருகிறது: பாலின் பெயரில் நடந்த புனிதப் போரில் இறந்தவர்கள் 6100 கோடி பேர். அவனால் நிறுத்த முடியவில்லை. முதல் நாவலை மட்டும் படித்துவிட்டு "மாஸ் ஹீரோ" என்று கைதட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டாவதையும் கையில் திணிக்க வேண்டும்போல இருக்கும்.

மரபை நேரடியாகக் கிண்டல் செய்கிற நாவல் ஏதாவது சொல்லுங்கள்.

சைனா மியெவில் 2007-இல் எழுதிய அன் லன் டன். சிறுவர்களுக்கான நாவல்தான், பெரியவர்களும் தாராளமாகப் படிக்கலாம். லண்டனுக்கு மறுபுறம் இருக்கிற ஒரு விசித்திர நகரத்துக்கு ஜன்னா, தீபா என்று இரண்டு தோழிகள் போகிறார்கள். ஜன்னாதான் முன்னறிவிக்கப்பட்டவள், அதற்கென்றே பேசும் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. வந்த வேகத்தில் ஜன்னா அடிபட்டு விழுகிறாள், ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள், நடந்ததும் அவளுக்கு மறந்துபோகிறது. புத்தகத்துக்கு அவமானம் தாங்கவில்லை.

பிற்பாடு தீபா மட்டும் திரும்பி வருகிறாள். அவளைப் பற்றி எந்த வாக்கும் கிடையாது, தோழி என்கிற அளவில்தான் புத்தகம் அவளைக் கண்டுகொள்கிறது. மரபுப்படி ஏழு பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும், ஒன்று கிடைத்தால்தான் அடுத்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றதும் தீபா நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பொருளுக்குப் போய்விடலாம் என்கிறாள். படிக்கிற நமக்கும் பல வருஷமாக மனதில் இருந்த கேள்விதான் அது, அந்த ஏழையும் ஏன் தேட வேண்டும் என்று.

பெரிய சீரிஸ்களில்?

பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் 2006-இல் தொடங்கும்போதே, முன்னறிவிக்கப்பட்ட நாயகன் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வந்துபோய்விட்டான் என்கிறது. இப்போது ஆள்வது கொடுங்கோலன், வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது. கதை அங்கிருந்து ஆரம்பிக்கிறது, வாக்கு என்ன ஆனது என்பதைத் துப்பறிகிற மாதிரி மூன்று நாவல்களும் நகர்கின்றன. இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன்.

1990-இலிருந்து 2013 வரை 14 பாகங்களாக வந்த தி வீல் ஆஃப் டைம் மரபுக்குள் நின்றே வேறொன்றைக் கேட்கிறது: உலகைக் காப்பான் என்று சொல்லும் அதே வாக்கு உலகை உடைப்பான் என்றும் சொன்னால், ஊர் அவனை எப்படி வரவேற்கும்? நீளம் அதிகம், நடுப்பாகங்களில் பொறுமை வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்படாத மற்றவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையா?

பேட்ரிக் நெஸ் எழுதியிருக்கிறார், 2015-இல், தி ரெஸ்ட் ஆஃப் அஸ் ஜஸ்ட் லிவ் ஹியர். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் சில வரிகளில் உலகைக் காப்பாற்றும் பிள்ளைகளின் சாகசம் சுருக்கமாக ஓடிவிடும். அப்புறம் அத்தியாயம் முழுக்க மற்ற பிள்ளைகள், அவர்களுடைய பரீட்சை, காதல், வீட்டுப் பிரச்சினை, மனப்பதற்றம். உலகம் அழிந்தால் நமக்கும் சேர்த்துத்தான், ஆனால் அதற்குள் பட்டமளிப்பு முடிந்துவிட்டால் தேவலை என்கிற மனநிலை.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாக்கை எப்படி அமைப்பது?

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையில் இருக்கிற வசதி பலருக்குத் தெரிவதில்லை.

வேற்றுமை உருபு மறைந்து வந்தால் நம் மொழியில் பொருள் இரண்டு பக்கமும் சாயும். "புலி கொல் யானை" என்பது இலக்கண உரைகளில் வருகிற பழைய உதாரணம்: புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இதை வைத்து ஒரு வாக்கு செய்து பார்ப்போம்.

"அடைமழை நாளில் அவதரிக்கும்
அரசு அழிக்கும் பிள்ளை."

அரசன் இதைக் கேட்கிறான். அவன் காதில் "அரசை அழிக்கும் பிள்ளை" என்று விழுகிறது, மழை நாளில் பிறந்த குழந்தைகளைத் தேட ஆள் அனுப்புகிறான். காட்டில் ஒளிந்திருக்கிற கலகக்காரர்களும் கேட்கிறார்கள், அவர்கள் காதிலும் அதேதான் விழுகிறது, அவர்களும் அதே குழந்தைகளைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள், வேறு காரணத்துக்காக. எதிரெதிர் அணிகள், ஒரே பொழிப்புரை. குழந்தையைப் பெற்றவள் ஒருத்தி மட்டும் அந்த வரியைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறாள். அவள் காதில் விழுந்தது, "அரசு எந்தப் பிள்ளையை அழிக்கப்போகிறதோ அந்தப் பிள்ளை."

இலக்கணப்படி மூன்று பேர் சொல்வதும் சரி. யாரும் முட்டாள் இல்லை, யாரும் ஏமாற்றவில்லை. இங்கிருந்து உங்கள் நாவலுக்குள் மூன்று அணிகள் கிடைத்துவிட்டன, மூன்றுக்கும் தனித்தனி அச்சம் இருக்கிறது. பிள்ளை வளர்ந்து பதினைந்து வயதில் இந்த இரண்டு வரியைத் தானே முதல்முறையாகப் படிக்கிற காட்சியை எழுதுங்கள். கலகக்காரர்களின் தலைவர் எதிரில் நிற்கிறார், பெருமையாகப் பார்க்கிறார், பையனோ பெண்ணோ வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு நிமிர்ந்து, "இது என்னைக் கொல்வார்கள் என்றல்லவா சொல்கிறது" என்கிறது. தலைவரின் முகத்தில் ஒரு நொடி என்ன ஓடுகிறது என்பதில்தான் உங்கள் நாவல் இருக்கிறது. அவருக்கு அந்தப் பொருளும் முன்பே தெரியுமா?

ஓலைச்சுவடியைக் கதைக்குள் கொண்டுவந்தால் இன்னும் விளையாடலாம். பழைய ஏடுகளில் புள்ளி வைக்கிற வழக்கம் பெரும்பாலும் இருக்காது, குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடும் இருக்காது. "கொல்" என்பதும் "கோல்" என்பதும் ஏட்டில் ஒரே வடிவம். செங்கோலா கொலையா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிரதி எடுப்பவர் எவ்வளவு அதிகாரம் உள்ளவர் என்று இப்போது தெரிகிறதா? தேவைப்பட்டால் அவரையே நாயகனாக்கிவிடுங்கள்.

வில்லன் வாக்கை நம்ப வேண்டுமா?

நம்பினால்தான் சுவை. வாக்கின் முதல் பக்தன் எப்போதுமே வில்லன்தான், ஹீரோவுக்கு அதைப் பற்றித் தெரியவே நாலு அத்தியாயம் ஆகும். தேவகியின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று அசரீரி சொன்ன நிமிஷத்திலிருந்து கம்சனின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான். அப்படிப் பயந்தவன் கணவனையும் மனைவியையும் ஒரே சிறையில் ஏன் வைத்தான் என்று காலங்காலமாகக் கேலி ஓடிக்கொண்டிருக்கிறது, கேலியில் ஒரு பாடமும் இருக்கிறது: வில்லனின் அசட்டுத்தனத்தை நம்பி உங்கள் கதையைக் கட்டாதீர்கள். அவன் புத்திசாலியாக இருந்து, தடுக்க எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் நியாயமாகத் தோன்றி, அதனாலேயே எல்லாம் நடந்தால் கதை இறுகும். கிரேக்கக் கதையில், மகன் கையால் சாவாய் என்ற வாக்குக்குப் பயந்த ஈடிபஸின் தந்தை லாயஸ் குழந்தையை அப்புறப்படுத்தாமல் வீட்டிலேயே வளர்த்திருந்தால், மகன் முச்சந்தியில் தகப்பனை அடையாளம் தெரியாமல் கொன்றிருக்க மாட்டான்.

இந்த இயக்கத்துக்குத் தெய்வம் தேவையில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வங்கியை உதாரணமாகச் சொல்கிறார். வங்கி நன்றாகத்தான் இருக்கிறது. திவாலாகப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்புகிறது, எல்லாரும் ஓடிவந்து பணத்தை எடுக்கிறார்கள், வங்கி நிஜமாகவே திவாலாகிறது. உங்கள் நாவலில் மாயம், மந்திரம் ஒரு துளிகூட இல்லாமல் வாக்கு பலிக்க வேண்டுமானால் இதுதான் வழி.

கடைசியில் வாக்கு பலிக்க வேண்டுமா, பொய்யாக வேண்டுமா?

இரண்டும் செய்யலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது: பலித்ததா இல்லையா என்று கதைக்குள் இருப்பவர்களே சண்டை போட்டுக்கொள்வது. போர் முடிந்துவிட்டது, அரசன் செத்துவிட்டான், ஆனால் கொன்றது மழை நாளில் பிறந்தவளா, அவள் பக்கத்தில் நின்ற சமையல்காரனா என்று தெளிவாக இல்லை. கோயில் ஒன்று சொல்கிறது, படைவீரர்கள் வேறொன்று சொல்கிறார்கள். பத்து வருஷத்தில் கோயில் சொன்னது பாடமாகிவிடுகிறது. அந்தப் பாடத்திலிருந்து அடுத்த வாக்கு பிறக்கிறது.

எந்தக் கவிழ்ப்பு வாசகரை எரிச்சல்படுத்தும்?

அறுநூறு பக்கம் ஒருத்தனை நம்பவைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் "எல்லாம் பொய், சும்மா சொன்னோம்" என்று கையை விரிப்பது. திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தால் துப்பு கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் ட்விஸ்ட். அடுத்தது, "அவன் இல்லை, இவன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்" வகை, அதுவும் இவன் ரகசிய இளவரசனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாதாரணமானவள் என்று ஆரம்பம் முதல் சொல்லிவிட்டு, மூன்றாம் பாகத்தில் அவளுடைய பாட்டி தேவதை என்று கண்டுபிடிக்கிற நாவல்களை நான் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுகிறேன்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கதைச் சுருக்கத்திலிருந்து வாக்கை எடுத்துவிட்டுப் படியுங்கள். பாத்திரங்கள் அப்போதும் அதே காரியங்களைச் செய்வார்கள் என்றால் வாக்கு வெறும் அலங்காரம், அலங்காரத்தைக் கவிழ்த்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. யாராவது வாக்குக்காகத் தங்கள் வாழ்க்கையில் எதையாவது விட்டிருக்க வேண்டும். கல்யாணத்தை, ஊரை, பிள்ளையை. அது பொய் என்று தெரியும்போது அவர்கள் முகத்தைத்தான் வாசகர் பார்க்க விரும்புவார்.

மரபான கதைகளையே ரசிக்கிறவன் நான். ரசனை மட்டமா?

ஐயோ, இல்லை. எனக்கும் பிடிக்கும். யாருக்கும் வேண்டாதவனாக இருக்கிற ஒரு பிள்ளையிடம் "உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்று யாரோ வந்து சொல்கிற கணம் எந்த வயதிலும் தொண்டையை அடைக்கும். அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்தான் அதை நன்றாகக் கவிழ்க்கவும் முடியும், மரபின் மேல் எரிச்சல் மட்டும் இருக்கிறவர் எழுதினால் கேலிச்சித்திரம்தான் வரும்.

முதலில் எதைப் படிக்கலாம்?

சிரித்துக்கொண்டே தொடங்க வேண்டுமானால் அன் லன் டன். வேகமான கதை வேண்டுமானால் மிஸ்ட்பார்ன். கனமாகத் தாங்குவீர்கள் என்றால் டியூன், ஆனால் இரண்டாம் நாவலையும் சேர்த்து.

வாக்கை முதல் பக்கத்திலேயே சாய்வெழுத்தில் பாட்டாகப் போடலாமா?

போடலாம், ஒரு நிபந்தனையோடு. முதல் பக்கத்தில் தனியாக நிற்கிற பாட்டுக்கு ஆசிரியரின் குரல் ஏறிவிடும், வாசகர் அதைக் கதைக்கு வெளியே இருக்கிற உண்மையாக எடுத்துக்கொள்வார், அப்புறம் நீங்கள் அதைச் சந்தேகிக்க வைப்பது பெரும்பாடு. கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: யார் பிரதி எடுத்தது, எந்த அரசன் காலத்தில், யார் செலவில். வாசகர் முதல் தடவை அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போனால் நல்லது, பாதிக் கதையில் பக்கத்தைப் புரட்டித் திரும்ப வந்து பார்ப்பார்.